பாபி திரும்பி வரவில்லை: ‘சூப்பர்நேச்சுரல்’ தொடரின் மாற்று உலக ஆட்கள்

கேள்வி: ‘சூப்பர்நேச்சுரல்’ தொடரில் 7-ஆவது சீசனில் இறந்த பாபி, 12-ஆவது சீசனின் கடைசி எபிசோடில் துப்பாக்கியோடு வந்து நிற்கிறார். 10-இல் கொல்லப்பட்ட சார்லி 13-இல் வருகிறாள். இவர்கள் அதே ஆட்களா? இதற்கு முன்பும் டீன், காஸ்டியல் எல்லாரும் வேறு மாதிரி வந்த எபிசோடுகள் உண்டே, அவையும் இதே மாற்று உலகம்தானா?

அதே ஆட்கள் இல்லை. முந்தைய எபிசோடுகளில் பெரும்பாலானவை மாற்று உலகமும் இல்லை. இந்த இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்வதால்தான் 13-ஆவது சீசனுக்கு மேல் பலருக்குக் கதை பிடிபடாமல் போகிறது. கீழே முடிவு வரைக்கும் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறேன். 15 சீசனும் பார்த்து முடிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

பேய், பிசாசுகளை வேட்டையாடும் சாம், டீன் வின்செஸ்டர் என்ற அண்ணன் தம்பியின் கதை இது. காஸ்டியல் அவர்களோடு நிற்கும் தேவதூதன், பாபி அவர்களுக்கு அப்பா போன்ற மூத்த வேட்டைக்காரர், சார்லி அவர்களுடைய சிநேகிதி. 2005 செப்டம்பரிலிருந்து 2020 நவம்பர் வரை 327 எபிசோடுகள் ஓடிய தொடர். இத்தனை நீளத்தில் ஒரே முகத்தை வேறு ஆளாகக் காட்ட இவர்கள் கைவைக்காத வழி இல்லை. உருமாறிகள் உண்டு, 7-ஆவது சீசனில் சாம், டீன் உருவத்தில் கொலை செய்துகொண்டு திரிந்த லெவியாத்தான் என்ற அரக்கர்கள் உண்டு, ஆன்மா இல்லாத சாம் உண்டு. 10-ஆவது சீசனில் சார்லியே நல்லவள், கெட்டவள் என்று இரண்டாகப் பிரிந்து நிற்பாள். அதுவும் ஒரே சார்லியின் இரண்டு பாதிகள்தான். இவை எல்லாவற்றையும் முதலில் கணக்கிலிருந்து கழித்துவிடுங்கள்.

மிச்சமிருப்பதைப் பிரிக்க ஒரு சோதனை போதும். எபிசோட் முடிந்த பிறகு அந்த மாற்று ஆள் எங்கே இருக்கிறார் என்று பாருங்கள். கனவு கலைந்தது, காலம் பழையபடி திரும்பியது, அவரும் காணாமல் போனார் என்றால் அது மாற்று உலகம் இல்லை. நம் உலகம் ஒரு பக்கம் இருக்க, அவருடைய உலகமும் அதன் பாட்டுக்கு இருக்கிறது, அவர் இங்கே வந்து தங்கவோ சாகவோ முடிகிறது என்றால்தான் அது மாற்று உலகம்.

இந்தச் சோதனையில் முதலில் விழுவது 2-ஆவது சீசனின் 20-ஆவது எபிசோட். அம்மா மேரி உயிரோடு இருக்கிறாள், டீனுக்குக் காதலி இருக்கிறாள், சாம் இறந்துபோன தன் காதலி ஜெஸ்ஸிகாவோடு இருக்கிறான். எல்லாம் ஜின் என்ற பூதம் ஒன்று டீனைக் கட்டிப்போட்டு ரத்தத்தை உறிஞ்சும்போது அவன் மண்டைக்குள் ஓடும் கனவு. 4-ஆவது சீசனின் 17-ஆவது எபிசோடில் டீன் ஸ்மித், சாம் வெஸ்ஸன் என்று இருவர் ஒரே அலுவலகத்தில் வேலை பார்ப்பார்கள். அது நம் உலகமேதான். ஸக்கரையா என்ற தேவதூதன் அவர்களுடைய நினைவை மட்டும் மாற்றி அங்கே உட்காரவைத்திருப்பான்.

அதிகம் பேரை ஏமாற்றுவது 5-ஆவது சீசனின் 4-ஆவது எபிசோட், ‘தி எண்ட்’. 2009 அக்டோபரில் ஒளிபரப்பானது. ஸக்கரையா டீனை ஐந்து வருடம் முன்னால் தள்ளி 2014-இல் இறக்கிவிடுகிறான். மனிதர்களை வெறிபிடித்தவர்களாக்கும் குரோயடோவன் வைரஸ் ஊரை அழித்திருக்கிறது. கேம்ப் சிட்டாகுவாவில் எதிர்கால டீன் ஆட்களைப் பலிகொடுத்தாவது காரியத்தை முடிக்கும் தளபதியாக இருக்கிறான். காஸ்டியல் சக்தியெல்லாம் இழந்து, போதையிலும் பெண்களோடும் பொழுதைக் கழிக்கும் வெறும் மனிதன். சாமின் உடலில் வெள்ளைக் கோட் சூட்டோடு லூசிஃபர், அதாவது சாத்தான். இரண்டு டீன்கள் நேருக்கு நேர் நிற்பதால் இது வேறு உலகம் என்று தோன்றும். ஆனால் இது நம் உலகத்தின் ஒரு எதிர்காலம், அதுவும் பிரதான தூதன் மைக்கேலுக்குத் தன் உடலைத் தர டீனைச் சம்மதிக்கவைக்க ஸக்கரையா காட்டிய எதிர்காலம். டீன் திரும்பி வந்து சாமோடு சேர்ந்ததுமே அந்தப் பாதை அடைந்துவிட்டது. தொடரில் உண்மையான 2014 வந்தபோது நடந்தது வேறு: அந்த மே மாதம் 9-ஆவது சீசனின் கடைசிக் காட்சியில் டீன் கறுப்புக் கண்ணோடு டீமனாக விழித்தான். மாற்று உலகம் இல்லை என்றாலும், மாற்று வடிவம் என்ற வகையில் இந்தக் காஸ்டியலைத்தான் நான் முதலில் வைப்பேன். அவனுடைய சீரழிவின் ஒவ்வொரு படியையும் பழைய காஸ்டியலிலிருந்து பின்தொடர்ந்து வர முடியும். பின்னால் வந்த எந்த மாற்று உலக ஆளுக்கும் அந்த அளவு கவனம் கிடைக்கவில்லை.

6-ஆவது சீசனின் 17-ஆவது எபிசோடில் பால்தஸார் என்ற தேவதூதன் 1912-க்குப் போய் டைட்டானிக் மூழ்காமல் தடுத்துவிடுகிறான். அதனால் 50,000 பேர் கூடுதலாகப் பிறந்திருக்கிறார்கள். முன்பே இறந்த எலன் என்ற வேட்டைக்காரி இதில் சாகவில்லை, பாபிக்கு மனைவியாக இருக்கிறாள், சகோதரர்களின் இம்பாலா கார் இருந்த இடத்தில் மஸ்டாங் நிற்கிறது. 14-ஆவது சீசனின் 13-ஆவது எபிசோடான ‘லெபனா’னில் (இதுதான் 300-ஆவது எபிசோட்) சகோதரர்களின் இறந்துபோன அப்பா ஜான் 2003-ஆம் வருடத்திலிருந்து நிகழ்காலத்துக்கு வந்துவிட, உலகம் அதற்கேற்ப மாறத் தொடங்கும். காஸ்டியல் சகோதரர்களை யாரென்றே தெரியாமல் அடிக்க வருவான். இரண்டும் காலக்கோட்டை மாற்றிய கதைகள். மாறிய காலம் நம் உலகத்தின் மேலேயே எழுதப்படுகிறது, சரிசெய்ததும் அழிந்துவிடுகிறது. அந்த எலனை எங்கேயும் போய்த் தேட முடியாது.

முதல் உண்மையான மாற்று உலகம் 6-ஆவது சீசனின் 15-ஆவது எபிசோட், ‘தி ஃப்ரெஞ்ச் மிஸ்டேக்’, 2011 பிப்ரவரி. பால்தஸார் இருவரையும் ஜன்னல் வழியே தள்ளிவிட, அவர்கள் வான்கூவரில் ஒரு படப்பிடிப்புத் தளத்தில் விழுகிறார்கள். எல்லாரும் அவர்களை, சாமாகவும் டீனாகவும் நடிக்கும் ஜாரெட் படலெக்கி, ஜென்சன் ஆக்கிள்ஸ் என்று கூப்பிடுகிறார்கள். மந்திரமும் தேவதூதர்களும் இல்லாத உலகம் அது. பின்னாலேயே கொல்ல வந்த தேவதூதன் வர்ஜிலுக்கும் அங்கே சக்தி வேலை செய்யவில்லை, கத்தியையும் துப்பாக்கியையும் நம்ப வேண்டியிருக்கிறது. நகைச்சுவை எபிசோட் என்று பலர் தள்ளிவிடுவார்கள். ஆனால் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் விதி இங்கேதான் போடப்பட்டது: உலகங்கள் பல உண்டு, ஒன்றின் சட்டம் மற்றொன்றில் செல்லாது, அங்கே செத்தவர் செத்தவர்தான். காஸ்டியலாக நடிக்கும் மிஷா காலின்ஸ் அந்த உலகத்தில் கழுத்தறுபட்டுச் சாகிறார். சகோதரர்கள் திரும்பி வந்த பிறகும் அது மாறுவதில்லை.

இனி உங்கள் பாபிக்கு வருகிறேன்.

12-ஆவது சீசனின் கடைசி எபிசோட் 2017 மே 18 அன்று வந்தது. லூசிஃபரின் மகன், நெஃபிலிமான (தேவதூதனுக்கும் மனிதப் பெண்ணுக்கும் பிறந்த பிள்ளை) ஜாக் பிறக்கும் சமயத்தில் அவன் சக்தியின் அழுத்தம் தாங்காமல் இடத்திலேயே ஒரு பிளவு விழுகிறது. நெட்டுக்குத்தாக ஒளிரும் கீறல் போல இருக்கும். அதன் மறுபக்கம் இருப்பதுதான் ரசிகர்கள் ‘அபாகலிப்ஸ் வேர்ல்டு’ (உலக அழிவு நடந்துவிட்ட உலகம்) என்று சொல்வது. வண்ணம் வடிந்து சாம்பல் படிந்த காட்சியாக இருந்தால் நீங்கள் அந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். ஒளிப்பதிவில் அதைக் கடைசிவரை கடைப்பிடித்திருக்கிறார்கள்.

இந்த உலகம் நம்முடையதிலிருந்து பிரிந்த இடம் 1973. அது புரிய 4-ஆவது சீசனின் 3-ஆவது எபிசோடைப் பார்த்திருக்க வேண்டும். அஸாஸெல் என்ற டீமன் மேரியின் பெற்றோரையும் ஜானையும் கொன்றுவிட்டு, பத்து வருடம் கழித்து உன் வீட்டுக்குள் வர அனுமதி கொடு, ஜானை எழுப்பித் தருகிறேன் என்று பேரம் பேசுகிறான். நம் மேரி ஒப்புக்கொள்கிறாள். அந்த உலகத்து மேரி ஒப்புக்கொள்ளவில்லை. ஜான் செத்தவன் செத்தவனாகவே கிடந்தான், சாமும் டீனும் பிறக்கவே இல்லை. தேவதூதர்களின் போரைத் தடுக்க ஆளில்லாமல் மைக்கேலும் லூசிஃபரும் மோதி, மைக்கேல் லூசிஃபரைக் கொன்றுவிட்டு மனிதர்களை வேட்டையாடத் தொடங்கினான்.

இதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. போர் தொடங்க 66 முத்திரைகள் உடைய வேண்டும் என்று 4-ஆவது சீசன் முழுக்கச் சொன்னார்கள். முதல் முத்திரையை உடைத்தது நரகத்தில் சித்திரவதைக்குக் கை வைத்த டீன். கடைசி முத்திரை உடைந்தது சாம் லிலித் என்ற டீமனைக் கொன்றபோது. இருவரும் பிறக்காத உலகத்தில் இந்த வேலையைச் செய்தது யார்? தொடர் அதைத் தொடவே இல்லை. வேறு யாரோ என்று நாமே நிரப்பிக்கொள்ள வேண்டியதுதான்.

பாபியைப் பொறுத்தவரை ஒரே நடிகர், ஜிம் பீவர், இரண்டு ஆட்கள். நம் பாபி 7-ஆவது சீசனின் 10-ஆவது எபிசோடில் தலையில் பாய்ந்த குண்டால் இறந்தார், கொஞ்ச காலம் ஆவியாக இருந்தார், அந்த சீசன் முடிவில் அவர் பற்றிக்கொண்டிருந்த மதுக் குப்பியை எரித்து அனுப்பிவைத்தார்கள். பிறகு நரகத்திலிருந்து மீட்கப்பட்டுச் சொர்க்கம் போனார். 10-ஆவது சீசனில் சொர்க்கத்தில் ஒருமுறை வருகிறார். தொடரின் கடைசி எபிசோடில் திண்ணையில் உட்கார்ந்து டீனை வரவேற்பவரும் இவரேதான். மாற்று உலக பாபி, தேவதூதர் கத்திகளை உருக்கி வார்த்த குண்டுகளோடு திரியும் கெரில்லா. அவருக்கு வின்செஸ்டர் சகோதரர்கள் யாரென்றே தெரியாது.

இருவருக்கும் உள்ள முக்கியமான வித்தியாசம் ஒரு மகன். நம் பாபி, தன் அப்பனைப் போலத் தானும் பிள்ளையைப் பாழாக்கிவிடுவோமோ என்ற பயத்தில் குழந்தையே வேண்டாம் என்று மனைவி காரெனிடம் சொன்னவர். அந்த வெற்றிடத்தில்தான் சாமும் டீனும் வந்து உட்கார்ந்தார்கள். மாற்று பாபிக்கு டேனியல் என்று ஒரு மகன் இருந்தான், போரில் பறிகொடுத்தார். 14-ஆவது சீசனின் 5-ஆவது எபிசோட் ‘நைட்மேர் லாஜிக்’ இதைச் சொல்கிறது. ஆகவே இவர் சகோதரர்களுக்கு அப்பாவாக முடியாது. அவர் மனதில் அந்த இடம் காலியாக இல்லை. இதை வைத்து ஒரு சீசனையே எழுதியிருக்கலாம். எழுத்தாளர்களோ ஒரே எபிசோடில் தொட்டுவிட்டு, மேரியோடு லேசாக ஜோடி சேர்த்து, அவரை ஓரமாக அனுப்பிவிட்டார்கள். தொப்பியும் தாடியும் அதேதான் என்பதால் பார்க்கிறவர்கள் பழைய பாபியையே பார்த்துக்கொண்டார்கள். தொடரும் அதை வசதியாக விட்டுவிட்டது.

சார்லி விஷயத்தில் கொஞ்சம் நேர்மையாக இருந்தார்கள். நம் சார்லியை 10-ஆவது சீசனின் 21-ஆவது எபிசோடில் எல்டன் ஸ்டைன் கொன்றான். டீனுக்கு அந்தக் குற்றவுணர்வு அப்படியே இருக்கிறது. 13-ஆவது சீசனின் 18-ஆவது எபிசோடில் தேவதூதர்கள் கொல்லக் கொண்டுபோகும் மாற்றுச் சார்லியை அவனும் கெட்ச் என்ற வேட்டைக்காரனும் போய்க் காப்பாற்றுவதே அந்த பாரத்தை இறக்கிவைக்கத்தான். ஆனால் அவளுக்கு இவர்கள் அந்நியர்கள். 14-ஆவது சீசனின் 6-ஆவது எபிசோடில், சாம் பழைய சிநேகிதியிடம் பேசுவதுபோலப் பேசும்போது, தன் உலகத்தில் தான் இழந்த காதலி காராவைப் பற்றிச் சொல்லி, தான் அந்தப் பழைய சார்லி இல்லை என்பதை அவனுக்கு உணர்த்துகிறாள். மாற்று உலக ஆளை எழுதுவது எப்படி என்று கேட்டால் அந்த ஒரு உரையாடலைக் காட்டலாம்.

மற்றவர்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாற்று ஸக்கரையாவை ஜாக் கொல்கிறான். மாற்று கெவின் டிரான் (நம் உலகத்தில் சகோதரர்களுக்கு உதவிய தீர்க்கதரிசி) மைக்கேலிடம் அடிமையாக இருந்து, கடைசியில் தன் ஆன்மாவையே வெடிகுண்டாக்கிக்கொண்டு சாகிறான். மாற்று காஸ்டியல் 13-ஆவது சீசனின் 22-ஆவது எபிசோடில் மட்டும் வருகிறான்: சிதைந்த ஒரு கண், ஜெர்மன் சாயல் உச்சரிப்பு, தொழில் சித்திரவதை. நம் காஸ்டியல் அவனைக் குத்திக் கொன்றுவிடுகிறான். இரண்டு பேரும் ஒரே அறையில் நின்று ஒருவன் பிணமாகக் கிடப்பதால், நான் சொன்ன சோதனைக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது.

அடுத்தது மைக்கேல், இங்கேதான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். 5-ஆவது சீசனில், சகோதரர்களுக்கு அப்பா வழித் தம்பியான ஆடமின் உடலோடு நரகக் கூண்டுக்குள் விழுந்தவன் நம் மைக்கேல். 13, 14-ஆவது சீசன்களில் வில்லன் மாற்று மைக்கேல். தேவதூதன் மனித உடலில் குடியேற அந்த மனிதனின் சம்மதம் வேண்டும். மைக்கேலுக்கென்றே ஏற்பட்ட உடல் டீனுடையது. மாற்று உலகத்தில் டீன் பிறக்காததால் அவன் வேறு உடலில் இருந்தான் (நடிகர் கிறிஸ்டியன் கீஸ்). இந்தப் பக்கம் வந்ததும் அவனுக்குச் சேர வேண்டிய உடல் தயாராக இருந்தது. 13-ஆவது சீசனின் முடிவில் லூசிஃபரைக் கொல்ல வேறு வழியில்லாமல் டீன் சம்மதிக்கிறான், காரியம் முடிந்ததும் மைக்கேல் உடலைத் திருப்பித் தர மறுக்கிறான். 14-ஆவது சீசனின் 14-ஆவது எபிசோடில் ஜாக் தன் ஆன்மாவைச் செலவழித்து அவனை எரிக்கிறான். 15-ஆவது சீசனில் மறுபடி ஒரு மைக்கேல் வந்தால் குழம்ப வேண்டாம். அவன் ஆடமோடு கூண்டிலிருந்து வெளிவந்த பழையவன்.

மாற்று மைக்கேல் 14-ஆவது சீசனின் 10-ஆவது எபிசோடில் சொல்லும் ஒன்றைக் கவனித்து வையுங்கள். கடவுள் ஒரு எழுத்தாளன், உலகங்கள் எல்லாம் அவன் எழுதிக் கைவிட்ட வரைவுகள் என்கிறான். அப்போது வில்லனின் புலம்பல் போலத் தெரியும். அந்த சீசனின் கடைசி எபிசோடில் சக், அதாவது கடவுள், சகோதரர்களின் துன்பத்தைத் தன் பொழுதுபோக்குக்காக எழுதியவன் என்று வெளிப்படும்போது அது அப்படியே உண்மையாகிவிடுகிறது. மாற்று உலகங்களுக்குத் தொடர் தரும் ஒரே காரணம் இதுதான்.

பிளவு வழியாகப் போய்வருவதற்கும் கணக்கு உண்டு. ஜாக் பிறந்தபோது விழுந்தது தானாக மூடிக்கொண்டது. மறுபடி திறக்க நான்கு பொருள் வேண்டும்: பிரதான தூதன் ஒருவனின் கிரேஸ் (தேவதூதனின் சக்தி), ஜீவ விருட்சத்தின் கனி, சாலமோனின் முத்திரை, மிகப் புனிதமான ஒரு மனிதனின் ரத்தம். மற்ற மூன்றும் அலைந்தால் கிடைக்கும், முடை விழுவது கிரேஸில்தான். பிரதான தூதன் கேப்ரியலிடம் இருந்தது கொஞ்சம், அதனால் பிளவு திறந்திருக்கும் நேரமும் கொஞ்சம். கதவு மூடுவதற்குள் திரும்ப வேண்டும் என்ற பதற்றம் 13-ஆவது சீசன் முழுக்க இருப்பது இதனால்தான். ரசிகர் புனைவு எழுதுகிறவர்கள் அதிகம் சறுக்குவதும் இங்கேதான்: பாத்திரங்கள் நினைத்தபோதெல்லாம் பிளவைத் திறந்து போய்வருவார்கள். அடுத்த சறுக்கல், மாற்று பாபிக்கு டீனின் சிறுவயது ஞாபகம் இருப்பதாக எழுதுவது. 1973-க்குப் பிறகு சகோதரர்கள் வழியாக நடந்த எதுவும் அந்த உலகத்து ஆளுக்குத் தெரியாது. அவர்களைச் சாராமல் நடந்ததை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு உலகம் ‘பேட் பிளேஸ்’. கனவில் உலகம் தாண்டும் காயா நியேவ்ஸ் மூலம் 13-ஆவது சீசனின் 9, 10-ஆவது எபிசோடுகளில் திறக்கிறது. அங்கே அவளைப் போலவே இருப்பவளை ரசிகர்கள் டார்க் காயா என்பார்கள். அவள் எறிந்த ஈட்டியில் நம் காயா செத்ததாகவே எல்லாரும் நினைத்தார்கள். 15-ஆவது சீசனின் 12-ஆவது எபிசோடில்தான் காயா உயிரோடு அந்த உலகத்தில் மாட்டியிருப்பது தெரிகிறது. சக் தன் பழைய வரைவுகளை அழித்துக்கொண்டிருக்கும் நேரம் அது. காயாவை மீட்கிறார்கள்; டார்க் காயா தன் உலகத்தோடு சேர்ந்தே முடிந்துபோக அங்கேயே நின்றுவிடுகிறாள். அடுத்த எபிசோடில் நேர்மாறாக ஒரு வேடிக்கை: அழிந்துகொண்டிருக்கும் வேறொரு உலகத்திலிருந்து தப்பி ஒரு பணக்கார சாமும் டீனும் நம் சகோதரர்கள் வசிக்கும் பதுங்கறைக்கு வருவார்கள். அவர்கள் உலகத்தில் ஜான் வேட்டைத் தொழிலையே ஒரு கம்பெனியாக நடத்தியவர். சாமுக்குக் கொண்டை. இருவரையும் பிரேசிலுக்கு வண்டி ஏற்றிவிடுவதோடு அவர்கள் கதை முடிகிறது.

அபாகலிப்ஸ் வேர்ல்டிலிருந்து வந்தவர்களுக்கு நடந்தது அவ்வளவு இலகுவாக இல்லை. பதுங்கறையில் தங்கி சாமிடம் வேட்டை பழகிய மேகியையும் அவளோடு இருந்தவர்களையும் மாற்று மைக்கேல் சூனியக்காரி ரோவீனாவின் உடலில் புகுந்து ஒரே மூச்சில் கொன்றுவிடுகிறான். எஞ்சியவர்கள், சார்லி உட்பட, 15-ஆவது சீசனின் 18-ஆவது எபிசோடில் கண்ணெதிரே மறைகிறார்கள். சகோதரர்கள் முதலில் மரணத்தின் பொறுப்பில் இருக்கும் பில்லி மேல் சந்தேகப்படுவார்கள், செய்தது சக். அடுத்த எபிசோடில் ஜாக் உலகத்து மக்களைத் திரும்பக் கொண்டுவருகிறான். சார்லியோ மாற்று பாபியோ திரும்பியதைத் திரையில் காட்டவில்லை. 2020-இன் கொரோனா கட்டுப்பாடுகளுக்குள் கடைசி எபிசோடுகளை எடுத்தார்கள், அதற்காகக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். ஒரு வரி வசனமாவது வைத்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

மேரியைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் அவளை மாற்று உலகத்தவள் என்று நினைப்பவர்கள் உண்டு. 12-ஆவது சீசனிலிருந்து வருபவள் நம் மேரியேதான். 11-ஆவது சீசனின் முடிவில் டீனுக்குக் கைம்மாறாகக் கடவுளின் சகோதரி அமாரா அவளை எழுப்பித் தந்தாள். பிளவுக்குள் லூசிஃபரோடு விழுந்து அந்தப் பக்கம் சிறைப்பட்டிருந்ததால்தான் குழப்பம்.

கடைசியாக ‘தி வின்செஸ்டர்ஸ்’. 2022 அக்டோபரிலிருந்து 2023 மார்ச் வரை 13 எபிசோடுகள் வந்து நின்றுபோன முன்கதைத் தொடர். இதில் ஜான் 1972-இலேயே மேரியோடு சேர்ந்து வேட்டைக்குப் போகிறான். மூலத் தொடரில் மேரி இறந்த பிறகுதான் ஜானுக்குப் பேய், பிசாசு எல்லாம் தெரியும். ஆகவே முதல் எபிசோடிலிருந்தே ரசிகர்கள் கொதித்தார்கள். கடைசி எபிசோடில் விடை வருகிறது: இது வேறு உலகம். சொர்க்கத்தில் சாமுக்காகக் காத்திருந்த காலத்தில் இம்பாலாவோடு உலகங்களைச் சுற்றிய டீன், தன் பெற்றோருக்கு நல்ல முடிவு கிடைக்கக்கூடிய ஓர் உலகத்தைத் தேடி அங்கே வந்திருக்கிறான். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அந்தத் தொடரின் முரண்பாடுகளில் பாதி காணாமல் போகும்.

மாற்று உலகக் கதையை மட்டும் பார்க்க நினைத்தால் இந்த வரிசை போதும்: 4-ஆவது சீசனில் 3; 6-இல் 15; 12-இல் 23; 13-இல் 9, 10, 14, 18, 20, 22, 23; 14-இல் 5, 6, 10, 14, 20; 15-இல் 8, 12, 13, 18, 19. ‘தி எண்ட்’ இந்த வரிசைக்குத் தேவையில்லை, ஆனால் அதை விட்டுவிடாதீர்கள். நேரம் இல்லையென்றால் 13-ஆவது சீசனின் 20-ஐத் தள்ளிவிடலாம். கெவினின் முடிவைத் தவிர இந்தக் கதைக்கு அதில் பெரிதாக எதுவும் இல்லை.